ஒலிபெருக்கி இல்லாத குரல்

ஒலிபெருக்கி நம் ஊர்களுக்கு வருவதற்கு முன்னர், பள்ளிவாசல் மினாராவில் ஏறி நின்று பாங்கு சொன்ன மோதினாரின் குரல் எவ்வளவு தொலைவுக்குக் கேட்டிருக்கும் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? காதுகளில் விரல் வைத்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, வைகறை அமைதியில் அவர் எழுப்பிய அழைப்பு தெருக்களைத் தாண்டித் தோட்டங்காடுகள் வரை சென்றது. அதற்குக் கருவி எதுவும் துணை நிற்கவில்லை. இறைவன் கொடுத்த தொண்டையும் மூச்சும் மட்டுமே துணை.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இத்தகைய குரல் புதிதன்று. அறுவடை முடிந்த காட்டில் இரவு தொடங்கி விடியும் வரை நடைபெறும் தெருக்கூத்தில், வேடம் கட்டியவர் தாமே பாடித் தாமே ஆடி, கடைசி வரிசையில் போர்வை போர்த்தி அமர்ந்திருக்கும் பாட்டியின் காதுக்கும் சொல்லைக் கொண்டு சேர்த்தார். நாமக்கல் மாவட்டத்தைத் தொட்டு ஓடும் காவிரியின் மறுகரையில் இருக்கும் கொடுமுடியில்தான் 1908 ஆம் ஆண்டில் கே.பி. சுந்தராம்பாள் பிறந்தார். நம்மவர்களில் நாகூர் ஈ.எம். ஹனீஃபா அவர்களை (1925–2015) அறியாதார் உண்டோ? முறைப்படி இசை பயிலாத அந்த இசை முரசு, ஒலிபெருக்கி பழுதுபட்ட கூட்டங்களிலும் தளராது பாடக்கூடியவர் என்பதை நம் பெரியவர்கள் இன்றும் வியந்து சொல்வார்கள்.

இப்படிப்பட்ட குரலையே மூலதனமாகக் கொண்டு, அதற்கென்று பள்ளிகளும் அரங்குகளும் ஊதியமும் ஏற்படுத்தி, நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்துவரும் ஒரு மேலைக்கலை உண்டு. அதன் பெயர் ஓபரா. அந்தக் கலையில் நம் அண்டை மண்ணான இலங்கையைப் பூர்விகமாகக் கொண்ட ஓர் இளைஞர் எவ்வாறு முன்னேறினார் என்பதை உங்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் அறிவோம். அந்த விவாதத்திற்குள் இங்கே நாம் நுழையவில்லை. நல்ல குரல் வாய்த்த பிள்ளை பிறந்த வீட்டில், 'இது சோறு போடுமா?' என்று பெற்றோர் கேட்கும் கேள்விதான் நம் கவலை.

ஓபரா என்றால் என்ன? நம் இசை நாடகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உரையாடலும் பாட்டாகவே அமைந்து, மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் அறுபது, எண்பது பேர் வயலினும் எக்காளமும் முரசும் இசைக்க, அத்தனை ஓசைக்கும் மேலே தனியொருவரின் குரல் எழும்பி வந்தால் அது ஓபரா. பாடுபவர் முன் ஒலிவாங்கி கிடையாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் ஏறத்தாழ 3,800 இருக்கைகள் உள்ளன. அதன் மேல்மாடியின் கடைசி இருக்கைக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும்.

இது எப்படி இயலும்? கத்துவதால் இயலாது, கத்தினால் இரண்டே மாதத்தில் தொண்டை கட்டிவிடும். இதன் சூட்சுமத்தைச் சுவீடன் நாட்டு அறிஞர் யோகான் சுண்ட்பெரி ஆராய்ந்து விளக்கியுள்ளார். வாத்தியக் குழுவின் ஓசை வலிமை வினாடிக்கு 500 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் மிகுந்து நிற்கிறது. அதற்கு மேலே செல்லச் செல்ல அது குறைகிறது. பயிற்சி பெற்ற பாடகர், குறிப்பாக ஆண் பாடகர், தொண்டையின் உள்ளறையை விரித்துக் குரல்வளையைத் தாழ்த்திப் பாடும்போது, 3,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் அவர் குரலில் தனியானதொரு மினுக்கம் பிறக்கிறது. வாத்தியங்கள் வலுவிழந்து நிற்கும் அந்த இடைவெளி வழியே குரல் புகுந்து வந்துவிடுகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் அதுவே. ஆற்றின் வேகத்தை எதிர்த்து நீந்தாமல், நீர் மெலிந்த துறை பார்த்துக் கடப்பது போன்றது இது.

இந்தத் துறையைக் கண்டுபிடிக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்கிறீர்கள்? அதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒரு செய்தி. ஓபரா முழுக்க முழுக்க ஐரோப்பியரின் சொத்து என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எகிப்தின் கெய்ரோ நகரில் 1869 ஆம் ஆண்டிலேயே ஓபரா மாளிகை எழுந்தது. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்தியின் புகழ்பெற்ற 'அயீதா' முதன்முதலாக அரங்கேறியதும் அங்கேதான், 1871 டிசம்பரில். துருக்கியின் லெய்லா கெஞ்சர் இத்தாலி நாட்டு மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் 1957 ஆம் ஆண்டு முதல் கோலோச்சினார். கெய்ரோவில் பிறந்த ஃபாத்திமா சயீத் என்னும் இளம் பாடகி பெர்லினிலும் பின்னர் லா ஸ்காலாவின் பயிற்சிக் கழகத்திலும் கற்று, 2016 ஆம் ஆண்டில் அதே அரங்கில் மோட்சார்ட்டின் 'மாயக் குழல்' ஓபராவில் கதாநாயகி பமீனாவாகப் பாடினார். ஓமனின் மஸ்கத்தில் 2011 ஆம் ஆண்டு முதல் அரச ஓபரா மாளிகை இயங்கி வருகிறது. வளைகுடாவில் பணிபுரியும் நம் சகோதரர்கள் பலர் அதன் வெண்மாடத்தை வெளியே நின்றாவது பார்த்திருப்பார்கள்.

சிறு வேடத்தில் ஒரு தொடக்கம்

ஷான் பணிக்கர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வளர்ந்தவர். அவருடைய குடும்பம் இலங்கையிலிருந்து சென்று குடியேறியது. அவர் குரல் டெனர் வகையைச் சேர்ந்தது. ஆண் குரல்களில் மேல்நிலையில் பாடுவதை டெனர் என்றும், நடுத்தரத்தைப் பாரிட்டோன் என்றும், அடிக்குரலைப் பாஸ் என்றும் அங்கே பிரிப்பார்கள். பெண் குரல்களிலும் இவ்வாறே சோப்ரானோ முதலிய பிரிவுகள் உண்டு. எந்தக் குரலுக்கு எந்த வேடம் என்பது பெரும்பாலும் எழுதி வைத்தாற்போல இருக்கும். டெனர் என்றால் பெரும்பாலும் காதலன். பாஸ் என்றால் அரசன், தந்தை அல்லது சாத்தான்!

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் குரலிசையில் இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் பெற்றார் பணிக்கர். நம் வீடுகளில் என்றால், முதுநிலைப் பட்டம் வாங்கிய கையோடு 'வேலை எங்கே?' என்று கேட்டுவிடுவோம். ஓபராவிலோ, பட்டம் என்பது வாசலில் செருப்பைக் கழற்றுவது மட்டுமே. உள்ளே நுழைய இன்னும் காலம் இருக்கிறது. இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் சொல்லைச் சிதைக்காமல் பாட வேண்டும். பொருளறியாமல் ஒப்பித்தால் பழகிய ரசிகர் கண்டுகொள்வார். நடிப்பு, வாள்வீச்சு, நடனம் ஆகியவற்றிலும் ஓரளவு தேர்ச்சி வேண்டும்.

இந்த இடைக்காலத்திற்கென்றே பெரிய ஓபரா நிறுவனங்கள் இளம் கலைஞர் திட்டங்களை நடத்துகின்றன. சான்பிரான்சிஸ்கோ ஓபராவின் ஆட்லர் திட்டம் அவற்றுள் பெயர் பெற்றது. பணிக்கர் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே இளம் பாடகருக்கு வாழ்க்கைப்படி உண்டு, குரலாசிரியர் உண்டு, மொழி ஆசிரியர் உண்டு, பெரிய மேடையில் சிறு வேடங்களும் உண்டு. வாசகர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன். குரல் பழுக்கும் வரை அதனைப் பிழிந்து காசாக்காமல், சோறும் போட்டு, காத்திருக்கவும் வைக்கும் ஏற்பாடு இது.

2008 ஆம் ஆண்டில் அவர் மெட்ரோபாலிட்டன் மேடையில் முதன்முறையாகப் பாடினார். புச்சீனி இயற்றிய 'மனோன் லெஸ்கோ'வில் எட்மொண்டோ என்னும் மாணவன் வேடம். கதாநாயகன் அல்லன், நாயகனின் தோழன். முதல் அங்கத்தோடு பெரும்பாலும் அவன் வேலை முடிந்துவிடும். ஆயினும், ஜேம்ஸ் லெவைன் இசையை நடத்த, அந்த நிகழ்ச்சி திரையரங்குகளுக்கும் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. அவ்வளவு பேருக்கு முன்னால் சிறு வேடத்தைப் பிசகின்றிச் செய்வதே அடுத்த வேடத்திற்கான சிபாரிசு.

இங்கேதான் நம் மண்ணின் கதையை எண்ணி மனம் கனக்கிறது. சுந்தராம்பாளின் கணவரான எஸ்.ஜி. கிட்டப்பா 1906 ஆம் ஆண்டில் பிறந்து, சிறு வயதிலேயே மேடையேறி, உச்ச சுருதியில் பாடித் தமிழகத்தையும் இலங்கையையும் மயக்கியவர். அவர் 1933 டிசம்பரில் மறைந்தபோது வயது இருபத்தேழு! ஓபரா டெனர் ஒருவர் சிறு வேடங்களிலிருந்து தலைநிமிரத் தொடங்கும் வயது அது. நம் நாடகக் கம்பெனிகளில் ஏழு, எட்டு வயதில் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். இரவெல்லாம் ஐந்து கட்டை சுருதியில் பாட வைத்தார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் பல பிள்ளைகளின் பிழைப்பும் உடைந்தது. திறமைக்கு அங்கே பஞ்சமில்லை. காத்திருக்கச் சொல்லிச் சோறு போட ஆளில்லை. கணவரை இழந்த சுந்தராம்பாள், 1935 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்திற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது பெருமைதான். ஆனால் அவரைப் போன்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

அதே 1935 ஆம் ஆண்டில் சேலத்தில் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தோற்றுவித்தார். ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். மேடைப் பாடகர்களுக்குத் திரை வாழ்வு கொடுத்தது, ஒலிவாங்கியும் வந்தது, பின்னர்ப் பின்னணிப் பாட்டும் வந்தது. மெல்லிய குரலுக்கும் வாழ்வு கிடைத்தது, நல்லதுதான். ஆனால் அரங்கின் கடைசி வரிசையை எட்டும் குரலுக்கு அப்புறம் தேவை இல்லாமல் போயிற்று. தேவை போனதும் அதனை வளர்க்கும் வித்தையும் போயிற்று.

பணிக்கரின் பாதையும் நேர்க்கோடாகச் செல்லவில்லை. 2013 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் திறமைப் போட்டி ஒன்றில், 'ஃபோர்ட்டே' என்னும் மூவர் குழுவில் ஒருவராகப் பாடினார். குழுவில் முதலில் இருந்த கொரியப் பாடகருக்கு விசாச் சிக்கல் ஏற்பட்டதால் அந்த இடத்திற்கு வந்தவர் இவர். குழு நான்காம் இடம் பெற்றது, இசைத்தட்டும் வெளிவந்தது. ஒலிவாங்கி பிடித்துப் பாடும் புகழ் ஓபராப் பாடகருக்கு இழுக்கு என்று நினைக்கும் பழமைவாதிகள் அங்கேயும் உண்டு. குடும்பம் நடத்த வேண்டியவரை அவ்வாறு குறை சொல்வது எளிது. மேடையில் பாடுபவருக்குப் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றே ஊதியம். ஒத்திகை நாலு, ஐந்து வாரம் நடக்கும். சளி பிடித்துப் பாட முடியாமற் போனால் அன்றைய வரவு இல்லை! 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று காரணமாக மூடிய மெட்ரோபாலிட்டன் அரங்கு 2021 செப்டம்பரில்தான் திறந்தது. அத்தனை மாதங்களும் அந்தத் தொழிலாளர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை, லாரி ஓடாவிட்டால் அடுப்பெரியாத நாமக்கல் வீடுகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு காட்சி

பணிக்கர் மெட்ரோபாலிட்டனில் மாணவன் வேடம் பூண்ட அதே 2008 ஆம் ஆண்டின் ஏப்ரலில், அதே மேடையில் இன்னோர் ஓபரா நடந்தது. பெயர் 'சத்தியாக்கிரகம்'. அமெரிக்கர் பிலிப் கிளாஸ் இயற்றி, 1980 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் அரங்கேறியது. காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க வாழ்வே கதை. பாடல்கள் பகவத் கீதையிலிருந்து எடுத்தவை, சமஸ்கிருதத்திலேயே பாடப்படுகின்றன. அன்று நியூயார்க்கில் காந்தியாகப் பாடியவர் ரிச்சர்டு கிராஃப்ட் என்னும் வெள்ளை அமெரிக்கர். பத்தாண்டு கழித்து, 2018 ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஓபராவில் இது மேடையேறியபோது, காந்தியாக நின்றவர் ஷான் பணிக்கர்.

இந்தக் கதையில் நமக்கும் பங்குண்டு. அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன். 1893 ஆம் ஆண்டில் காந்தியடிகளைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தது போர்பந்தரைச் சேர்ந்த தாதா அப்துல்லாவின் வணிக நிறுவனம். 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் அரங்கில் கூடிய கூட்டத்தில், இந்தியரை இழிவு செய்யும் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்து உறுதியேற்கச் சொன்னவர் சேட் ஹாஜி ஹபீப். அந்தச் சொல்லே காந்தியடிகளைச் சிந்திக்க வைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் இரும்புக் கொப்பரையில் இட்டு எரிக்கப்பட்டது ஜோகன்னஸ்பர்க்கின் ஹமீதியா பள்ளிவாசல் முற்றத்தில்தான். ஓபராவில் உறுதியேற்புக்கு ஒரு காட்சி உண்டு. சீட்டெரிப்புக்கு ஒரு காட்சி உண்டு.

இறுதி அங்கமோ 1913 ஆம் ஆண்டின் நியூகாசில் நடைப்பயணம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் மனைவி மக்களோடு எல்லை கடந்து நடந்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் தமிழர். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஏறத்தாழ 1,52,000 ஒப்பந்தக் கூலிகளில் மிகுதியானோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். வட ஆற்காடு, தஞ்சை, திருச்சி மாவட்டங்களோடு நம் பழைய சேலம் மாவட்டத்தாரும் அவர்களில் உண்டு. நாமக்கல் அன்று சேலம் மாவட்டத்திலோ திருச்சி மாவட்டத்திலோ இருந்த ஒரு தாலுகா. இந்தக் கரிசலிலும் செம்மண்ணிலும் நடந்த கால்கள் அந்த நடையில் இருந்திருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

இறுதிக் காட்சியில் காந்தி தனித்து நின்று பாடுகிறார். எட்டுச் சுரங்கள் கொண்ட ஓர் ஏறுவரிசை. அதையே ஏறக்குறைய முப்பது முறை திரும்பத் திரும்பப் பாட வேண்டும். நம் கர்நாடக இசை அறிந்தவர் கேட்டால் இவை தோடியின் சுரங்கள் என்பார், கமகம்தான் இராது. அரபு இசையின் மகாம் முறையில் 'குர்து' என்பதன் வரிசையும் இதுவே. கிராஅத்தில் தேர்ந்த காரிகள் சிலர் இந்த மகாமில் ஓதுவதை நீங்கள் ஒலிநாடாவில் கேட்டிருக்கலாம். மூன்று மணி நேரத்தின் முடிவில், களைத்த உடம்போடு, முப்பது முறையும் ஒரே தூய்மையோடு பாடுவதற்கு முதுநிலைப் பட்டமும் சிறு வேடங்களும் பத்தாண்டுக் காத்திருப்பும் வேண்டியிருந்தன.

அதே 2018 கோடையில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழாவில் ஹென்சே இயற்றிய 'பாசரிட்ஸ்' ஓபராவின் முதன்மை வேடத்தை அவர் ஏற்றார். 2021 இல் அதே விழாவில் நோனோ இயற்றிய 'இன்டொலரான்சா 1960'. பிழைக்கப் போன இடத்திலிருந்து ஊர் திரும்ப எண்ணிச் சிறைப்பட்டு வெள்ளத்தில் மாண்ட ஒரு தொழிலாளியின் கதை. 2024 இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாக்னரின் 'ரைன்கோல்டு'. இன்று அவரை அழைக்கும் அரங்குகள் கடலுக்கு இப்புறமும் அப்புறமும் இருக்கின்றன.

நம் வீட்டுப் பிள்ளைக்கு

'இதெல்லாம் அமெரிக்காவில், ராசிபுரத்தில் என்ன செய்வது?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பம்பாயில் பிறந்த பத்ரிசியா ரொசாரியோ லண்டன் சென்று கற்று உலகப் புகழ் பெற்ற சோப்ரானோ. அவர் 2009 ஆம் ஆண்டு முதல் இந்திய நகரங்களுக்கு வந்து இளம் குரல்களைப் பயிற்றுவித்தார். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008 ஆம் ஆண்டில் தோற்றுவித்த கே.எம். இசைக் கல்லூரியில் மேலைச் செவ்வியல் குரலிசை முறையாகக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் மேடைகளோ இந்தியாவில் மிகக் குறைவு. ஓபராவையே பிழைப்பாகக் கொள்ள விரும்புவோர் இன்றும் கடல் கடந்தே ஆக வேண்டும், செலவும் பெரிது. இதை மறைத்து ஆசை காட்டுவது நியாயமன்று.

ஆயினும் ஒன்றைப் பெற்றோர் இன்றே செய்ய முடியும். மதரஸாவில் ஓதும்போது ஊரே திரும்பிப் பார்க்கும் குரல் உள்ள பையனைக் கல்யாண வீடு, மீலாது விழா என்று ஒவ்வொரு மேடையிலும் உச்சத்தில் பாட வைத்துப் பெருமைப்பட்டுக் கொள்ளாதீர்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வரும்போது அவனை வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள். கட்டு நீங்கிக் குரல் நிலைத்த பின்னர், அத்தா தாமே நல்ல குரலாசிரியர் ஒருவரிடம் அழைத்துச் செல்லட்டும். கர்நாடக இசை ஆசிரியராயினும் சரி, மேலை இசை ஆசிரியராயினும் சரி, விவரமறிந்தவராக இருந்தால் முதல் நாள் பையனைப் பாடச் சொல்ல மாட்டார். பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லி, வயிற்றின்மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்து, மூச்சு விடச் சொல்லிப் பார்ப்பார்.